புகை போன ஊர்

பெயரும் முகவரியும் மேலே கண்டபடி. வயது ஐம்பத்திரண்டு. கணவர் இறந்த பிறகு, அப்போது சிறுமியாக இருந்த மகளுடன் என் அண்ணனின் பட்டறைக்கு மேல் மாடியில் குடியேறினேன்.

அண்ணன் நகைக்கடைகளில் கூட்டிய தூசியை வாங்கி, அதில் பாதரசம் விட்டுப் பிசைவார். பொன்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அடுப்பில் வைத்தால் பாதரசம் ஆவியாகிப் பொன் மட்டும் நிற்கும். அப்போது "ரசம் போயிடுச்சு" என்பார். வேலை முடிந்தது என்று அர்த்தம். எங்கே போனது என்று பெரியவர்கள் யாரும் கேட்டதில்லை.

அதன் பிறகு, புகை பிள்ளைக்கு ஆகாது என்று அடுப்பை மொட்டைமாடிக்கு மாற்றி, உயரமாகத் தகரக் குழாய் வைத்தார். என் மகள் தினமும் புகைக்கு டாட்டா காட்டுவாள்.

"மாமா, இது எங்க போகுது?"

"உன்னைக் கட்டிக் குடுக்கப்போற ஊருக்குடா கண்ணு."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அதன் பிறகு அவளை மலைமேல் ஏரிக்கரையில் ஒரு படகோட்டிக்குக் கொடுத்தோம். அங்கே ஆலையும் இல்லை, பட்டறையும் இல்லை. மேகம் வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போகும். இப்போது அவள் நிறைமாதம். தினமும் ஏரி மீன்தான் சாப்பாடு. சென்ற வாரம் அவள் ரத்தத்தில் பாதரசம் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. குழந்தையின் மூளையைப் பாதிக்கலாம் என்றார் டாக்டரம்மா. நிலக்கரி எரிக்கும் இடத்திலிருந்தும் பொன் உருக்கும் இடத்திலிருந்தும் கிளம்பி, காற்றில் மாதக்கணக்காக மிதந்து, மழையோடு ஏரியில் இறங்கி மீனுக்குள் போகுமாம். யார் வீட்டுப் புகை என்று சொல்ல முடியாதாம்.

அதன் பிறகு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொடிக்கு மேலே வெள்ளித் துளிகள் வரிசையாக, அவசரமே இல்லாமல், வழி தெரிந்தவை போல மலைப்பக்கம் போவதைப் பார்த்தேன். கனவு என்று எழுதிக்கொண்டாலும் சரி. அப்போது மகள் போன் செய்தாள். "அம்மா, இங்க மழை பெய்யுது. அவ்வளவு அழகா இருக்கு" என்றாள்.

அதன் பிறகு சுத்தியலை எடுத்து மேற்படி குழாயை அடித்துச் சாய்த்தேன். அது பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தது. போலீஸில் புகார் கொடுத்த அந்த வீட்டுக்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை.

குழாய் காற்றில் விழுந்ததாகச் சொல்லிவிடும்படி அண்ணன் கெஞ்சினார். இத்தனை காலம் எல்லாவற்றையும் காற்றின் தலையில்தான் கட்டினோம். இதையும் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது.

(கையொப்பம்)