குடை கிழிந்த ஊர்

ஓடுகிறோம். தரை சுடுகிறது. மூன்றாவது வடம் அறுந்துவிட்டது.

வெளியே ஓசை கிடையாது. காற்றில்லாத இடம். வடம் அறுந்தால் தரை வழியாகக் காலுக்குத்தான் கேட்கும். முதலில் ‘ணங்’ என்று ஒரு அடி. பிறகு நீளமான முனகல். பிறகு மறுபடி ‘ணங்’. அது நான்காவது.

என் கணவனின் தங்கை எனக்கு முன்னால் ஓடுகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்களின் காலடி கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு திருப்பத்துக்குப் பிறகு கேட்கவில்லை.

“ஓடத்துக்குப் போங்க! குடை போவுது!”

யார் கத்தியது என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கள் சூரியனுக்கு மிக அருகில் மிதந்த ஊர். மண் இல்லை. மழை இல்லை. ஊருக்கும் சூரியனுக்கும் நடுவில் ஒரு குடை விரித்திருந்தார்கள், என் பாட்டன்மாருக்கும் முந்தியவர்கள். அந்தக் குடையின் நிழல்தான் எங்கள் நாடு. நிழலை விட்டுக் கை நீட்டினால் கை இருக்காது. எங்களுக்கு விளிம்பார் என்று பெயர். ஓடங்களில் கோளுக்குக் கோள் போய்வந்தோம். திரும்பி வந்தது எப்போதும் அந்த நிழலுக்குத்தான்.

குடையின் ஓரமெல்லாம் கண்ணாடிகள். வெகு தொலைவில் இருட்டிலும் பனியிலும் கிடந்த கோள்களுக்கு அவை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பின. அங்கே வாழ்ந்தவர்கள் தூரத்தார். எங்கள் மொழிதான் பேசினார்கள். எங்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். நாங்கள் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டோம் என்றார்கள். அவர்கள் கேட்பது அதிகம் என்றோம். யார் சொன்னது சரி என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

அவர்கள் குண்டு வீசவில்லை. கல் வீசினார்கள். வெறும் கல். அந்த வேகத்தில் வந்தால் கல்லே போதும். குடையைத் தாங்கிய வடங்கள்தான் குறி.

என் கணவன் குடைப் பணியாள். அன்று வெளியே இருந்தான். ஐந்தாவது வடத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் ஓடத்துக்குள் ஏறிவிட்டோம். கதவு திறந்திருக்கிறது. அவன் வர வேண்டும் என்று திறந்து வைத்திருக்கிறோம். கதவிடுக்கில் வெயில் வருகிறது. வெள்ளையாக. கத்தி போல.

சுவரிலிருந்த பேசும் பெட்டியில் அவன் குரல். மூச்சு வாங்கியது.

“நான் வரல. சாத்துங்க. நிக்காதீங்க. சாத்துங்க.”

நான் அசையவில்லை. அவன் தங்கைதான் சாத்தினாள். இரண்டு கையாலும் தள்ளினாள். வெயில் அவள் இடது கன்னத்தையும் உள்ளங்கைகளையும் தின்றது. கதவு மூடியது. ‘டொம்.’ அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெட்டியில் குரல் இல்லை.

ஓடம் எங்களைத் தூங்க வைத்தது. எவ்வளவு காலம் தூங்கினோம் என்று தெரியாது. அதுவாகவே ஒரு மஞ்சள் சூரியனைத் தேர்ந்தெடுத்தது. அதன் மூன்றாவது கோளில் விழுந்தது.

விழுந்த இடம் அஞ்செட்டிக் காடு. விழுந்த ஆண்டு 1951 என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மாசி மாதம். விடிந்த நேரம். மூங்கில் வெடிக்கிறது. பட், பட், படபட. நான் போர் இன்னும் முடியவில்லை என்று நினைத்தேன். தலையைக் கவிழ்த்துப் படுத்தேன். மூங்கில் எரிந்தால் அப்படி வெடிக்கும் என்று யார் எனக்குச் சொல்லியிருப்பார்கள்?

மாதப்பன் வந்தான். கரிமூட்டம் போடுகிறவன். மரத்தை அடுக்கி, மேலே மண்ணை மூடி, உள்ளே புகையவிட்டுக் கரி எடுக்கிறவன். காட்டுத் தீ என்று எண்ணி ஓடி வந்தான். பின்னாலேயே அவன் மனைவி லிங்கம்மா.

அன்று அவர்கள் பேசியது புரியவில்லை. பிறகு லிங்கம்மாவே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

“ரெண்டு பொம்பளைங்க கெடக்கறாங்க. உசுரு இருக்குது.”

“பொம்பளைங்கள நான் பாக்கறன். காட்டு கார்டு வர்றதுக்குள்ள அந்த சாமானத்த மண்ணு போட்டு மூடு. நெருப்பு வெச்சது நாமன்னு எழுதிப்புடுவான்.”

மாதப்பன் ஓடத்தின் மேல் மண்ணைப் போட்டு மூடினான். தூரத்திலிருந்து பார்த்தால் இன்னொரு கரிமூட்டம். வந்த வனக் காவலனும் அப்படித்தான் நினைத்துப் போனான்.

பார்வைக்கு நாங்கள் இங்குள்ளவர்களைப் போலவே இருந்தோம். ஏன் என்று எனக்குத் தெரியாது. லிங்கம்மா அக்கம்பக்கத்தில் ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்கள் என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் அப்படி வந்தவர்கள் உண்டு. யாரும் துருவவில்லை. எங்கள் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. என்னைச் சென்னம்மா என்றாள். கன்னம் வெந்து சிவந்திருந்தவளைக் கெம்பம்மா என்றாள். கெம்பு என்றால் அவள் மொழியில் சிவப்பு.

அவள் பேசியது கன்னடம். மாதப்பன் தமிழ். கரி ஏற்ற வரும் வண்டிக்காரர் தெலுங்கு. இரண்டு வருஷம் அதை ஒரே மொழி என்று நினைத்துக் கற்றுக்கொண்டிருந்தேன்.

குளிர்தான் தாங்கவில்லை. இங்கே எல்லோரும் வெயிலைத் திட்டுகிற சித்திரையில் எங்களுக்குப் பல் கிட்டியது. மார்கழியில் மூட்டத்தின் மேல் மண்ணோடு ஒட்டிப் படுத்தோம். மூட்டத்தைப் பிரிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. மற்றவர்கள் ஆறட்டும் என்று காத்திருப்பார்கள். நாங்கள் சூட்டோடு பிரித்தோம். மாதப்பனுக்கு அது ஆச்சரியம். லிங்கம்மாவுக்கு இல்லை. கஷ்டப்பட்டு வந்தவர்களுக்கு உடம்பு மரத்துப்போயிருக்கும் என்றாள். ராகிக்களியை உருட்டி, ஆவி பறக்கையில் எங்கள் தட்டில் போடுவாள்.

கெம்பம்மாவும் நானும் பேசிக்கொள்வது குறைவு. சண்டை இல்லை. பேச்சு வரவில்லை. விறகு எடு. தண்ணீர் வை. அவ்வளவுதான். எங்கள் மொழியை இருவருமே வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் அவன் பெயர் வந்துவிடும்.

1956. சித்திரை. மாடு வாங்க மாதப்பன் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனான். நானும் வண்டியில் போனேன். உச்சி வெயில். சந்தையில் இருந்தவர்கள் எல்லாம் புளியமரத்தடிக்கு ஒதுங்கிவிட்டார்கள். நான் மட்டும் வெயிலில் நிற்கிறேன். முதுகு காய நிற்கிறேன்.

எதிரே மாட்டுத் தொட்டி. அதற்குள் இரண்டு காலையும் விட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். தலையில் ஈரத் துணி. வாய் திறந்து மூச்சு விடுகிறான். உதடெல்லாம் வெடிப்பு. என்னைப் பார்க்கிறான். நான் நிற்கிற இடத்தைப் பார்க்கிறான். நிழலே இல்லாத இடம்.

எழுந்து வந்தான். எங்கள் மொழியில் சொன்னான்.

“நீ விளிம்புக்காரி.”

ஐந்து வருஷம் கழித்து அந்த மொழி காதில் விழுகிறது. பேசிய வாய் தூரத்தான் வாய். எந்தப் பக்கத்து ஆள் என்று உச்சரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

அவன் கிருஷ்ணகிரிப் பக்கம் அணைக்கட்டு வேலைக்குக் கல் உடைக்கிறவன். யாரோடும் பேசாததால் அங்கே ஊமையன் என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஓடத்தைத் துரத்த அனுப்பப்பட்டவன். துரத்தினான். தூங்கினான். விழுந்தான். திரும்ப வழி இல்லை. இதையெல்லாம் ஒன்றின் பின் ஒன்றாகச் சொன்னான். நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

அதற்கு முன்னால் கல் வீசியவர்களில் அவனும் ஒருவன். அதையும் சொன்னான்.

“ஆளுங்க எல்லாம் எறங்கிட்டாங்கன்னு சொன்னாங்க. வெறும் ஊருன்னு சொல்லித்தான் வீசச் சொன்னாங்க.”

“நீ நம்புனியா?”

“நம்புனேன். நம்பறது சுலுவா இருந்துச்சு.”

பிறகு அவன் ஊரைப் பற்றிச் சொன்னான். குடை போனபோது கண்ணாடிகளும் போயின. கண்ணாடி போனதும் அவர்கள் கோள்களில் வெளிச்சம் நின்றது. அவன் ஓடத்தின் பேசும் பெட்டியில் ஊர்க்குரல்கள் வந்துகொண்டிருந்தன. முதலில் எல்லா ஊர்களும் பேசின. பிறகு சில ஊர்கள். கடைசியாக ஒரே ஒரு பெண் பேசினாள். அடுப்பு அணைந்துவிட்டது என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அதுவும் நின்றது.

நான் அவனை அடிக்கவில்லை. அடிக்கலாம் என்று கை எழவும் இல்லை. களைப்பாக இருந்தது. வண்டி நிழலில் உட்காரச் சொன்னேன். மாதப்பன் தன் சொம்புத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினான்.

வீட்டுக்கு வந்து கெம்பம்மாவிடம் சொன்னேன். அவள் மூட்டத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் ஒன்றே ஒன்று கேட்டாள். எங்கே இருக்கிறான் என்று. சொன்னேன். அதோடு விட்டாள்.

அடுத்த வருஷம் அக்னி நட்சத்திரத்தில் வண்டிக்காரர் சேதி கொண்டுவந்தார். ஊமையனுக்கு உடம்பு அனல். கஞ்சி இறங்கவில்லை. கெம்பம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். நானும் புறப்பட்டேன்.

ஆற்றோரம் ஈர மணலில் படுக்கவைத்திருந்தார்கள். தென்பெண்ணையில் அப்போது ஓடியது கணுக்கால் தண்ணீர். கெம்பம்மா துணியை நனைக்கிறாள். நெற்றியில் போடுகிறாள். காய்ந்ததும் மறுபடி நனைக்கிறாள். அவன் கண் திறந்து யார் என்று கேட்டான். அவள் எங்கள் மொழியில் பேசினாள். விழுந்த நாளிலிருந்து அன்றுதான் முதல் தடவை.

“ஓடத்துக் கதவச் சாத்துனவ. எங்கண்ணன் வெளியில நின்னான்.”

அவன் நெற்றித் துணியைக் கையால் பிடித்துக்கொண்டான்.

“சாத்தலன்னா நீங்க ரெண்டு பேரும் இல்ல. இத சொல்ல எனக்கு யோக்கியத இல்ல.”

“இல்லதான்,” என்றாள் அவள். துணியை மறுபடி நனைத்தாள்.

மறுநாள் பொழுது சாயுமுன் அவன் போய்விட்டான். தூரத்தார் தங்கள் இறந்தவர்களைப் பனிக்கட்டிக்குள் வைப்பார்கள். இங்கே பனிக்கட்டிக்கு எங்கே போவது? தண்ணீர் ஊறும் இடமாகப் பார்த்து ஆழமாகத் தோண்டினோம். கல் உடைக்கிறவர்கள் நாலு பேர் தோள் கொடுத்தார்கள். அவன் ஊர் எது என்று கேட்டார்கள். தூரம் என்றோம்.

திரும்பும் வழியில் வண்டியில் கெம்பம்மா கேட்டாள்.

“அண்ணி, அன்னிக்கு நீ சாத்தியிருப்பியா?”

“மாட்டேன்,” என்றேன். “மூணு பேரும் போயிருப்போம்.”

அவள் தலையசைத்தாள். பிறகு என் கணவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சின்ன வயதில் அவன் செய்த சேட்டைகள். எனக்குத் தெரியாதவை. தேன்கனிக்கோட்டை தாண்டும்வரை பேசினாள். நானும் பேசினேன். அவன் பெயரை இருவருமே சொன்னோம்.

அந்த மார்கழியில் பனி அதிகம். காலையில் புல்லெல்லாம் வெள்ளை. கெம்பம்மாவின் நெஞ்சில் சளி கட்டியது. லிங்கம்மா கரிச்சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். மூன்று கம்பளி போர்த்தினோம். நான் அவளைக் கட்டிப்பிடித்துப் படுத்தேன். மூச்சு ‘கர், கர்’ என்று இழுத்தது. விடிந்து வெயில் மேட்டுக்கு வந்ததும் தன்னைத் தூக்கி வெளியே கிடத்தச் சொன்னாள். கிடத்தினோம். முகத்தில் வெயில் பட்டது. சூடு போதவில்லை என்றாள். அதுதான் கடைசி.

லிங்கம்மாவின் சனங்கள் புதைக்கிறவர்கள். நான் எரிக்கக் கேட்டேன். மாதப்பன் மூட்டத்துக்கு வைத்திருந்த மரம் முழுவதையும் கொடுத்தான்.

கணக்கு எழுதுகிறேன். நினைவிருக்கிற வரைக்கும்.

எங்கள் ஊரில் இருந்தவர்கள் நாற்பதாயிரம் பேர். ஓடங்கள் அறுபது. கிளம்பியவை எத்தனை என்று தெரியாது. இங்கே இறங்கியது ஒன்று. குடை ஒன்று. கண்ணாடிகளை எண்ணியவர் இல்லை. என் தாய். என் தகப்பன். என் அக்காள், அவள் பிள்ளைகள் மூன்று பேர். பின்னால் ஓடிவந்தவர்கள், பெயர் தெரியாது. என் கணவன். கெம்பம்மா.

தூரத்தார் பக்கம் எட்டு ஊர்கள். ஊமையன் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னான். அவன் தாய். தம்பிகள் இரண்டு பேர். அடுப்பு அணைந்தது என்று சொன்ன பெண். ஊமையன்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். பிரித்து எழுதச் சொல்ல இனி அந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை, இந்தப் பக்கத்திலும் இல்லை.