என்டர் பட்டன் மேல் ஒரு நட்டு

கும்மிடிப்பூண்டியில் மதிய ரயில் கிளம்பியதும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்த இளைஞர் எதிரே இருந்த நண்பரிடம் சொன்னார்:

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என்டர் பட்டன் மேல ஒரு இரும்பு நட்டை வெச்சிட்டு வந்துட்டேன் மச்சி."

"இன்னாத்துக்குடா?"

"மெயின்ஃப்ரேம் பெரிய கம்ப்யூட்டர்ல கெடக்கற அறுநூறு ஃபைலையும் என் கம்ப்யூட்டருக்கு இறக்கணும். ஒவ்வொண்ணுக்கும் 'எடுக்கட்டுமா'ன்னு கேட்டுக்கினே இருக்குது. நான் என்டர் தட்டிக்கினு குந்தியிருந்தா, பொன்னேரில பொண்ணு பாக்க எப்ப போறது? இப்ப நட்டே ஆமா சொல்லிக்கினு இருக்கும்."

"அய்ய, இதுக்கா இவ்ளோ பேஜாரு? ஆரம்பிக்கும்போதே 'ப்ராம்ப்ட்'னு ஒரு தபா அடிச்சிட்டா அப்புறம் கேக்கவே கேக்காதேடா."

சட்டைக்காரர் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"ஆறு மாசமா இதே வேலைதான் பண்றேன். இப்ப வந்து சொல்ற."

நண்பர் சிரித்துக்கொண்டே அவருடைய காலரைச் சரிசெய்தார்.

"சரி வுடு. பொண்ணோட அப்பா ரிட்டயர்டு வாத்தியாரு, ஒண்ணொண்ணா கேப்பாரு. அவராண்ட ப்ராம்ப்ட்டும் செல்லாது, நட்டும் வேலைக்கு ஆவாது. ஒவ்வொண்ணுக்கும் நீயேதான் ஆமா சொல்லணும்."