கூன் திட்டில் ஒரு மணி நேரம்

— ...அப்ப மணி எட்டு நாற்பது. ரேடியோவுல ஒரே கத்தல். ஒரு வார்த்தை புரியல. காத்து வேற.

— முதல்ல அந்த ஈரச் சட்டையைக் கழட்டுங்க. நாற்காலி நனையுது.

— கழட்டறேன், இரு. சொல்றதைக் கேளு. பாப்பா எங்க?

— ஸ்கூல்ல. நாலரைக்குத்தான் வருவா. நீங்க சொல்லுங்க.

— நீ என்ன இன்னிக்கு எனக்கு முன்னாடியே வீட்டுல இருக்க? துறைமுக ரெக்கார்டு ரூம் லீவா?

— தலைவலி. அரை நாள் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். சரி, கத்தல் புரியல. அப்புறம்?

— அப்புறம்தான் துறைமுகக் கண்ட்ரோல்ல இருந்து சொன்னாங்க. கோதுமை ஏத்தின கப்பல். விடியறதுக்குள்ள என்ஜின் நின்னு போச்சு. நங்கூரம் போட்டும் நிக்கல. இழுத்துக்கிட்டே வந்து கூன் திட்டுல ஏறி உக்காந்துருச்சு. உள்ள பன்னெண்டு பேர். உடனே கிளம்பு, கிட்ட இருக்கிற டக் உன்னோடதுதான்னாங்க.

— இவ்வளவு பெரிய துறைமுகத்துல வேற இழுவைப் படகே கிடையாதா?

— ஒண்ணு ரிப்பேருக்கு மேல ஏத்தியிருக்கு. இன்னொண்ணு வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதனால நாங்க ஆறு பேரும் கிளம்பிட்டோம். நான், எனக்கு அடுத்த ஆள் மேட் மீசை, என்ஜின் டிரைவர், டெக்ல மூணு பசங்க. வாய்க்காலை விட்டு வெளிய வந்ததும் தெரிஞ்சுது பாரு அலை... மாடி உயரம். கண்ணாடி முழுக்கத் தண்ணி. மீசை ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால டீ குடிக்கிறான். ஒரு சொட்டு சிந்தல.

— அவர் டீ குடிக்கிறதைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. ரோட்டைப் பாக்கல.

— கடல்ல ஏதுடி ரோடு.

— அதுவும் கூன் திட்டு. அதுல ஏறின கப்பல் எதுவும் இறங்கினதில்ல.

— உனக்குத் தெரியாததா. நாள் முழுக்க அந்தப் பழைய கப்பல் விபத்து விசாரணைக் காகிதத்தைத்தானே கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கிட்டு இருக்க.

— நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பாய்க்கப்பல் நாப்பது குதிரையோட அங்க மாட்டுச்சு. ஆளுங்க கயிறு எங்க, படகு எங்கன்னு அலையறப்ப குதிரைங்க தானா குதிச்சு, நீந்திக் கரைக்கு வந்துருச்சு. ஊர்க்காரங்க ஆளுக்கொண்ணு பிடிச்சுக் கட்டிக்கிட்டாங்க. விசாரணையில ஒருத்தராவது ஒத்துக்கணுமே. எல்லாரும், இது எங்க வீட்டுலயே பொறந்த குதிரைங்கறாங்க.

— நல்ல ஊரு.

— அதுக்கப்புறம் சிமெண்ட் ஏத்திக்கிட்டு வந்த ஒண்ணு. தண்ணி பட்டு மூட்டை அத்தனையும் கல்லாயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் மீன்காரங்க வலை அதுலதான் கிழியுது.

— நீ சொல்லப் போறியா, நான் சொல்லட்டுமா?

— சொல்லுங்க, சொல்லுங்க. எப்படிக் கிட்ட போனீங்க?

— பின்பக்கமா. காத்து படாத பக்கம் அதுதான். நம்ம டக்கோட மூக்கை அதோட வால்ல இடிச்சும் இடிக்காம வெச்சு, தடிமனா ஒரு கயிறை மேல வீசினோம். அவங்க இழுத்துக் கட்டிட்டாங்க. அவ்வளவுதான், இனிமே அந்தக் கப்பலும் நம்ம டக்கும் ஒண்ணு. கயிற்று ஏணியில ஒவ்வொருத்தனா இறங்கறான். அலை டக்கை மேல தூக்கறப்ப சரியா காலை வைக்கணும். ஒரு நொடி தப்பினா நடுவுல நசுங்கிடுவான்.

— அது உங்களுக்கே நல்லாத் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்படித்தானே மூணு விலா எலும்பு உடைஞ்சுது.

— அதை ஏன் இப்ப இழுக்கற?

— இழுக்கல. சொல்லுங்க.

— பதினோரு பேர் இறங்கியாச்சு. கேப்டன் கடைசி. அறுபது வயசு இருக்கும், தலையில அடி, காது வழியா ரத்தம் வழியுது. அதைத் துடைக்கக்கூட இல்ல. ஆளுங்களை எண்ணிப் பாக்கறார். மறுபடி எண்ணறார். அப்புறம் ஏணியைப் பிடிச்சுத் திரும்ப ஏறப் போறார். ஓடிப் போய்ப் பிடிச்சா, சமையல்காரன் வரலைங்கறார்.

— எங்க இருந்தான்?

— சமையலறைக்குள்ள. கப்பல் முறுக்கிக்கிட்டதுல கதவு இறுகிப் போச்சு. உள்ள இருந்து கரண்டியால டங் டங்னு தட்டறான். அலைச் சத்தத்துல கீழ யாருக்கும் கேக்கல.

— கீழ யாருக்கும் கேக்கலேன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எனக்கு எங்க கேட்டுச்சு... மீசைக்குக் கேட்டுச்சு. மேல போனப்புறம்.

— மீசையா மேல போனார்?

— ஆமா. கேப்டனை உக்கார வெச்சுட்டு மீசை ஏறிட்டான்.

— போன வருஷம்தானே அவர் முட்டிக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். நம்ம வீட்டு மாடிப்படியிலயே நாலு இடத்துல நின்னு மூச்சு வாங்கினாரே.

— ...இப்ப சரியாயிடுச்சு. ஆபத்துன்னா ஒரு வேகம் வரும்ல.

— வரும். நீங்க எங்க இருந்தீங்க?

— நான் வீல்ல. ஒரு அடி நகரல. டக் மாஸ்டரே வீலை விட்டுட்டுப் போனா எப்படி? அதுவுமில்லாம உனக்குத்தான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேனே, இன்னொரு கப்பல் மேல கால் வைக்க மாட்டேன்னு.

— பண்ணிக் குடுத்தீங்க. சரி, மீசை ஏறினார். ஏறறப்ப யோசிக்கலையா? அவருக்கும் வீடு வாசல், பொண்டாட்டி, புள்ளைன்னு இருக்குல்ல.

— யோசிக்க ஏது நேரம்? அந்த கேப்டன் எண்ணின அழகைப் பாத்திருந்தா நீயும் ஏறியிருப்ப. பதினோரு பேரையும் தொட்டுத் தொட்டு எண்ணிட்டு, விரல் அந்தரத்துல நிக்குது. அடுத்த ஆளைத் தேடுது. பாத்ததும் கால் தானா ஏணிக்குப் போயிடுச்சு.

— மீசை சொன்னாரா?

— ம்... சொன்னான்.

— பொண்டாட்டி ஞாபகமே வரலையாமா?

— வந்துச்சாம். ஏணியில பாதி ஏறினப்புறம். வீட்டுல தெரிஞ்சா தொலைஞ்சோம்னு நினைச்சானாம். ஆனா அப்ப கீழ இறங்கறதைவிட மேல போறது கிட்ட.

— நல்ல கணக்கு.

— கேளேன். உள்ள போனா முட்டி அளவு தண்ணி. உருளைக்கிழங்கு, தட்டு, யாரோட செருப்போ, எல்லாம் மிதக்குது. இருட்டு. கோடாரியால கதவைப் போட்டுப் பாத்தா, இரும்புக் கதவு, கைதான் மரத்துப் போகுது. பக்கத்துல சாப்பாட்டு ரூம். தட்டை நீட்டறதுக்கு நடுச் சுவத்துல சின்னதா ஒரு ஜன்னல் இருக்கும்ல, அது வழியா எட்டிப் பாத்தா சமையல்காரன் அடுப்பு மேல ஏறி உக்காந்திருக்கான். ஆள் பீப்பா மாதிரி. ஜன்னலோ இத்துனூண்டு. தலை வந்துச்சு. ஒரு கை வந்துச்சு. வயிறு வரல.

— ஐயோ பாவம்.

— அந்த நேரம் பாத்துத்தான் கப்பல் உடைஞ்சுது.

— ...சொல்லுங்க.

— தகரத்தைக் கிழிக்கிற சத்தம் இருக்குல்ல, அதை ஆயிரம் மடங்கு பண்ணிக்கோ. நடுவுல ரெண்டாப் பிளந்து, முன்பாதி சரிஞ்சு தள்ளிப் போயிடுச்சு. பின்பாதி மட்டும் திட்டு மேல நிக்குது, நம்ம கயிறோட. உள்ள ரெண்டு பேர். கீழ டக்குல பதினாறு பேர்.

— பின்பாதியும் கவுந்தா?

— கயிறு டக்கையும் சேத்துக் கவுத்துடும். பதினாறு பேரும் போயிடுவாங்க. அதனால கயிறை வெட்டணும். வெட்டினா உள்ள இருக்கிற ரெண்டு பேர் கதி அவ்வளவுதான். கண்ட்ரோல் ஆபீசர் வெட்டத்தான் சொல்லப் போறார்னு எல்லாரும் நினைச்சாங்க. அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? வெட்டாதீங்க. அந்தத் திட்டுல உடையற கப்பலோட பின்பக்கம் ஒரு மணி நேரம் நிக்கும், பிடிச்சுக்கிட்டு இருங்கன்னார்.

— அப்படியா சொன்னார்?

— எந்தப் புண்ணியவான் சொல்லிக் குடுத்தானோ, அவன் வாய்க்கு சக்கரை போடணும்டி.

— சக்கரை இருக்கட்டும். சமையல்காரன் என்ன ஆனான்?

— அவனே வழி சொன்னான். உள்ள எண்ணெய் டின் இருக்குன்னான். பதினஞ்சு லிட்டர் சமையல் எண்ணெய். சட்டையைக் கழட்டிட்டுத் தலையோட ஊத்திக்கிட்டான். ஜன்னல் சட்டம் முழுக்க ஊத்தியாச்சு. நான் சுவத்துல காலைக் குடுத்து, அவன் ரெண்டு கையையும் பிடிச்சு இழுக்கறேன், வழுக்குது...

— நீங்களா?

— மீசை. மீசை இழுக்கறான்.

— ம்.

— வழுக்குதேன்னு துண்டைச் சுத்தி இழுத்தா... சொளக்குனு வந்து மேல விழுந்தான். ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள. எழுந்திரிச்சதும் அவன் சிரிக்கிறான்டி. அந்த நேரத்துல. இருபது வருஷமா இந்த ஜன்னல் வழியா சோறு போட்டேன், இன்னிக்கு என்னையே பரிமாறிட்டேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். ஏணி வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தான். கீழ டக்குல கால் வெச்சதும் கேப்டன் அவன் நெஞ்சுல விரலை வெச்சு, பன்னெண்டுன்னார். அப்புறம்தான் அந்த மனுசன் மயங்கி விழுந்தார்.

— கையைக் காட்டுங்க.

— ஒண்ணும் இல்ல. வீல் பிடிச்சதுல லேசா...

— வீல் பிடிச்சா உள்ளங்கைத் தோல் இப்படியா உரியும்? எண்ணெய்ப் பிசுக்கு வேற. கதவைத் தொறந்தப்பவே வாசனை அடிச்சுது.

— அது... சமையல்காரனைக் கட்டிப் பிடிச்சேன். எல்லாரும்தான் கட்டிப் பிடிச்சோம்.

— ரேடியோவுல பேசினது யாரு?

— நான்தான். வீல்ல இருக்கிறவன்தானே பேசணும்.

— மீசை குரல் மாதிரி இருந்துச்சே.

— ...என்னது?

— மாஸ்டர் உள்ள இருக்கார், கயிறை வெட்டச் சொல்லாதீங்க சார்னு ஒருத்தர் அழுதார். மீசை அழுது இதுக்கு முன்னாடி நான் கேட்டதில்ல.

— இரு, முதல்ல இந்த ஈரச் சட்டையைக் கழட்டிடறேன்.

— அதுக்கும் முன்னாடி, வீலை அவர்கிட்ட குடுத்துட்டுப் போறப்ப நீங்க ரேடியோவுல சொன்னீங்க. என் வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்கன்னு. அங்க இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க.

— நீ எங்க இருந்த?

— ரெக்கார்டு ரூமுக்கு மேல் மாடிதானே கண்ட்ரோல் ரூம். சைரன் கேட்டதும் ஏறிப் போனேன்.

— கடைசி வரைக்கும் கேட்டியா?

— கப்பல் உடைஞ்சதுல இருந்து நீங்க இறங்கற வரைக்கும் இருபத்தொரு நிமிஷம். சுவர்க் கடியாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். அதுல நொடி முள் இல்ல. இன்னிக்குத்தான் கவனிச்சேன்.

— எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் மீசைக்கு முட்டி, மீசைக்குப் பொண்டாட்டின்னு என்னைக் கேட்டியா?

— நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்களும் அழகாத்தான் சொன்னீங்க.

— கோவமா?

— இருக்கு. ஒரு வாரத்துக்கு இருக்கும். கையை நீட்டுங்க, மருந்து போடறேன்.

— ஸ்ஸ்... எரியுது.

— எரியட்டும்.

— சத்தியத்தை மீறிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒரு மணி நேரம்னு சொன்னாங்க பாரு... நாங்க கயிறை அவுத்துட்டு நூறு அடிகூடத் தள்ளி வரல. திரும்பிப் பாக்கறேன், பின்பாதி அப்படியே சாஞ்சு படுத்துடுச்சு. அரை மணி நேரம்கூட நிக்கல.

— தெரியும். மீசை ரேடியோவுல சொன்னப்ப நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன்.

— இருந்தாலும் அந்த ஆபீசர் மட்டும் அப்படிச் சொல்லலேன்னா இப்ப நானும் இல்ல, சமையல்காரனும்... இரு. அவர் இங்க வந்தே மூணு மாசம்தான் ஆச்சு. அவருக்கு அந்தத் திட்டைப் பத்தி என்ன தெரியும்?

— ஒண்ணும் தெரியாது.

— அப்ப... நீயா?

— கப்பல் உடைஞ்சா கயிறை வெட்டிடணும்னு அவர் முன்னாடியே சொல்லிக்கிட்டு இருந்தார். நீங்க ஏணியில ஏறினதும் நான் கீழ ஓடினேன். அந்தத் திட்டுல உடைஞ்ச பழைய கப்பலுங்களோட மூணு பைலைத் தூக்கிக்கிட்டு வந்தேன்.

— அடிப்பாவி... இவ்வளவு நேரம் வாயைத் தொறக்கலையே நீ. அவர் உடனே நம்பிட்டாரா?

— நம்பல. ஏட்டுல இருக்குன்னு சொல்றீங்களா, இல்ல, உள்ள இருக்கிறது உங்க வீட்டுக்காரர்னு சொல்றீங்களான்னு கேட்டார். மூணையும் விரிச்சுக் காட்டினேன். மூணு கப்பலும் அதே இடத்துலதான் உடைஞ்சுது. மூணுலயும் பின்பக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னிருக்கு. படிச்சுப் பாத்துட்டுத்தான் மைக்கை எடுத்தார்.

— ரெண்டு உசுரு உன்னாலதான்டி. இதை முதல்ல மீசைக்குச் சொல்லணும். எங்க என் போன்? டக்குல இருந்த பதினாறு பேரும் வந்து வரிசையா நின்னு உன்னைக் கும்பிடணும்...

— போன் போடாதீங்க. அலமாரியில நாலு பைல் இருந்துச்சு. நாலாவது கப்பல் உடைஞ்ச ஏழாவது நிமிஷமே கவுந்துச்சு, கயிறு கட்டியிருந்த படகையும் அதுல இருந்த அத்தனை பேரையும் சேத்து இழுத்துக்கிட்டு. அதை மட்டும் நான் மேல எடுத்துக்கிட்டுப் போகல.