சும்மா இருப்பவளின் நேரம்

"அப்போ உங்க பொண்ணோட நேரத்துக்கு ஜீரோ போட்டுக்கறேன்."

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. எனக்கு முன் பெஞ்சில் புவனகிரியிலிருந்து வந்த ஒரு தாயும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் அவளுடைய பதிமூன்று வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். டேப்லெட் கம்ப்யூட்டரும் கையுமாக எதிரில் நின்ற இளம்பெண், சிகிச்சைக்கு வருகிறவர்கள் இழக்கும் நேரத்தின் மதிப்பை ரூபாயில் கணக்கெடுக்க வந்தவள்.

"ஏங்க்கா ஜீரோ?" என்றாள் மகள்.

"நீ சம்பாதிக்கலியேம்மா. அம்மாவுக்கு ஒருநாள் கூலி போச்சு, அத போட்டுட்டேன். நீ சும்மாதான இருக்க?"

"சும்மாவா? இன்னிக்கு எனக்கு கணக்கு பரீட்ச. போன மாசம் இங்க வந்ததுல கபடி செலக்‌ஷன் போச்சு."

"அதுக்கெல்லாம் இதுல கட்டம் இல்ல."

"விடுடி. கட்டம் போட்டவங்க வேற யாரோ, இவுங்க என்னா பண்ணுவாங்க?" என்றாள் அம்மா.

"காலைல ஆறு மணிலேருந்து உக்காந்திருக்கமே, அது?" என்றாள் மகள்.

"காத்திருந்தது நாலு மணி நேரம்னு கரெக்டா போட்டிருக்கேன். ஜீரோவால பெருக்குனா ஜீரோதான வரும்?"

"பரீட்சைக்குப் போயிருந்தா நானும் அதத்தான் எழுதியிருப்பேன்."

டாக்டர் அறை வாசலில் நர்ஸ் சத்தம் போட்டாள்.

"நாப்பத்தேழு யாரு? மூணு தடவ கூப்டாச்சு! போயி கடைசில உக்காருங்க."

அம்மா பதறி எழுந்தாள். மகள் எழவில்லை. கையிலிருந்த நாற்பத்தேழாம் நம்பர் சீட்டை நான்காக மடித்தாள்.

"உக்காரும்மா. நான் சும்மாதான இருக்கேன்."

டேப்லெட்காரியின் முகம் மலர்ந்தது.

"அப்ப மீதி கேள்வியையும் முடிச்சிடலாமா?"