பிளாப்பிக்கு வைத்த பொட்டு

நான் நடந்துகொண்டே சொல்கிறேனே, சார். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. எதிரில் இருப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் நான் மேனேஜர். பாறை சரிந்து கருப்பண்ணன் செத்த பிறகு, அவர் மனைவி இருசம்மாளுக்கு ஆபீஸில் கூட்டிப் பெருக்கும் வேலை போட்டுக் கொடுத்தது நான்தான். அவர் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனபோதும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

கருப்பண்ணன் அன்று வேலைக்கே வரவில்லை, தானாகப் போய்க் குழிக்குள் இறங்கினார் என்பது எங்கள் தரப்பு. வருகைப் பதிவேட்டை நானே மாற்றி எழுதிவிட்டேன். ஆனால் எண்பத்தேழில் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. வருகை அதிலும் ஏறியிருந்தது. அதைத் திருத்த எனக்குத் தெரியாது. ஆபரேட்டரிடம் கேட்கவும் முடியாது. வருகை பதிந்த பிளாப்பியைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், திருச்சியிலிருந்து ஒருவர் வந்து படித்துக் காட்டுவார் என்று உத்தரவு வந்தது. தொலைத்தாலோ எரித்தாலோ பழி கம்பெனி மேல்தான் விழும் என்றார் எங்கள் வக்கீல். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பீரோவைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்ப்பேன். பூட்டுவேன். மறுபடி திறப்பேன்.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது.

பிளாப்பியைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு உறை; அதில் ஒரு நீள ஓட்டை. உள்ளே இருக்கும் தட்டு அதன் வழியே தெரியும். அங்கே விரல் பட்டாலே கெட்டுவிடும் என்று ஆபரேட்டர் சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் லீவில் ஊருக்குப் போயிருந்தான். நான் சந்தனத்தையும் குங்குமத்தையும் இருசம்மாளிடம் நீட்டினேன்.

பியூன் செல்லப்பன் முகம் சுளித்தான். "தாலியறுத்தவ கையில குங்குமமா சார்? கம்பெனி வெளங்குமா?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதுய்யா. நீ பொரியைத் தின்னு."

இருசம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் வைக்கலாங்களா சார்?"

"நீதாம்மா வைக்கணும்."

மேஜை, தராசு, டைப்ரைட்டர் என்று எல்லாவற்றுக்கும் வைத்தார். கடைசியாக பிளாப்பி.

"இதுல எங்கங்க வைக்கிறது?"

ஓட்டையைக் காட்டினேன். "அதாம்மா அதுக்கு நெத்தி. நல்லா அழுத்தி வை."

வைத்துவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கோர்ட்டில் திருச்சிக்காரர் உறையைக் கிழித்து, தட்டில் சந்தனம் அப்பியிருப்பதைக் காட்டினார். ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. யார் வைத்தது என்று நீதிபதி கேட்டார்.

இருசம்மாள் எழுந்தார். "நாந்தாங்கய்யா வச்சேன். சார் மேல தப்பு இல்லீங்க. என்னையும் ஒரு மனுசியா மதிச்சுக் கூப்பிட்டவரு."

சாட்சியத்தை அழித்தது வாதியின் கையே, ஆகவே கம்பெனிக்கு எதிராக எதையும் ஊகிக்க இடமில்லை என்று தீர்ப்பு வந்தது. வழக்குத் தள்ளுபடி.

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கட்டுமா? சத்தம் தாங்கவில்லை.

நீங்கள் கேட்க வந்ததையும் சொல்லிவிடுகிறேன். கருப்பண்ணன் அன்று வேலைக்கு வந்திருந்தார். பாறையில் விரிசல் தெரிகிறது, இறங்க மாட்டேன் என்றார். லாரிகள் காத்துக்கொண்டிருந்தன. இறங்காவிட்டால் நாளையிலிருந்து வராதே என்று சொல்லி இறக்கியது நான்தான்.

தீர்ப்பு நாளன்று கோர்ட் வாசலில் இருசம்மாள் தனியாக நின்றார். அவருடைய வக்கீல்கூடப் பக்கத்தில் இல்லை. நான்தான் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.