சீமை உத்தரம்

— சூரிய சந்திரர் உள்ள மட்டும் நம்ம குலமானத்தைத் தாங்கும் இந்தச் சீமை இரும்பு உத்தரம்னு சொன்னே. புதுமனை புகுந்து பந்தக்கால்கூட இன்னும் பிடுங்கலை சேவுகா. நேத்து விருந்துக்கு ஊர் மாடியேறுச்சு, மச்சு ஒரு முழம் இறங்கிருச்சு!

— யாருக்கும் அடிபடலையே, அந்தமட்டும் சரி. இரும்பு மேல குத்தமில்லே அண்ணே.

— அப்ப உன் மேலதேன் குத்தம். உடைச்ச கப்பலோட பழைய இரும்பை ரங்கூன்ல வாங்கி, கூடப்பிறந்தவன் தலையில கட்டிட்டே. நாளைக்குக் கோயில்ல பங்காளிக கூடுறாக. துரோகின்னு சொல்லிருவேன். இந்த வீட்டுல உனக்கு அறை கிடையாது.

— அப்பச்சி போனப்புறம் உங்களைத்தானே அப்பச்சியா நெனச்சேன்? நானா துரோகி? இங்குட்டு வந்து பாருங்க. சுமை தாங்கலைன்னா உத்தரம் நடுவுல தொங்கணும். இது நூல் பிடிச்சாப்புல இருக்கு. சுவரோரத்துலதேன் கிழிஞ்சிருக்கு.

— சுவர் தாங்குற இடத்துல எப்படியப்பா கிழியும்?

— அங்கதேன் கிழியும். மேல இருந்து சுமை அமுக்குது, கீழ இருந்து சுவர் எதிர்க்குது. ரெண்டுக்கும் நடுவுல கத்தரிக்கோல் வாயில சிக்குன துணியாட்டம் உத்தரத்தோட இந்தச் செங்குத்துத் தகடு. அதுதேன் சாய்வாக் கிழிஞ்சிருக்கு.

— வட்டிக்கடைக்குப் போனவன் இரும்புக்கடைப் பாடம் எடுக்கிறே.

— கிழிசல் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. தகட்டுல உள்ளங்கை அகலத்துக்கு வட்டமா ஒரு ஓட்டை. கப்பல்ல ஏத்தையில இது இல்லே. எவன் வெட்டினான்?

— நடுவுல வெட்டலையே! சுமையே இல்லாத இடமாப் பாத்து, சுவரோரமாத்தானே வெட்டச் சொன்...

— வெட்டச் சொன்னது நீங்களா? தெரிஞ்சுமா என்னைத் துரோகின்னீக?

— குலமானம்டா சேவுகா. கேக்காதே.

— ஆச்சி, அண்ணனைக் கட்டுனவுக நீங்களாவது சொல்லுங்க. என்னத்துக்கு ஓட்டை?

— தேனம்மை, வேணாம்.

— தம்பியைச் சந்தியில நிறுத்தையில எங்க போச்சு உங்க குலமானம்? மாடியில துரைமார் உக்காருற பீங்கான் கக்கூஸ் வச்சிருக்காக தம்பி. குழாய் போக ஓட்டை.

— கக்கூஸா! உங்க டாம்பீகத்துக்கு நான் துரோகியா அண்ணே?

— டாம்பீகமெல்லாம் இல்லே தம்பி. குந்த முடியலை. உங்க அண்ணனுக்கு மூலம்.