குடும்பப் பெயர்

— தள்ளுங்கப்பா, ஸ்கிரீனை மறைக்கிறீங்க.

— இரு வாணி, இது என்னா? குடும்பப் பேர் கேக்கிற கட்டத்துல என் பேரைப் போட்டு வெச்சிருக்க? மாஸ்டர்ஸ் படிக்கப் போறது நீயா, நானா?

— பாஸ்போர்ட்ல நான் வாணி, அனாக் பெரம்புவான் தம்புசாமி, தம்புசாமி மகள், அவ்வளவுதான். நமக்கு ஏது குடும்பப் பேரு? லண்டன்காரன் அந்தக் கட்டம் காலியா இருந்தா விட மாட்டேங்கிறான்.

— அப்ப நான்தான் போவேன்லா. நீ இங்க கிள்ளான்ல இருந்து என் லோரிய ஓட்டு.

— போங்க. வெள்ளத்துக்கு என்ன வழின்னு பேராசிரியர் கேட்டா என்னா சொல்வீங்க?

— லோரிய மேட்டுல ஏத்துன்னு சொல்வேன். இது என்னா, மிஸ்டர், மிஸ்ஸுன்னு?

— பேருக்கு முன்னால போடுற மரியாதை. ஐயோ, தொடாதீங்கப்பா!

— தொடலை, விரல் பட்டுச்சு. மிஸ்டராம்! கப்பல் போர்ட்ல என்னை ‘ஓய் லோரி’ன்னுதான் கூப்பிடுறானுங்க. இவனாவது கூப்பிடட்டுமே.

— நீங்க இருந்தா இது முடியாது. மூடி வெக்கிறேன். பசிக்குது.

— தோசை வாங்கிட்டு வரேன். சட்னி கட்டியாத்தானே?

— கட்டியா. சாம்பார் தனியா.

* * *

— கட்டுரையில அப்பாவைப் பத்தி ஒரு வரி இல்லையே வாணி. போன மாசம்தானே தவறினாரு? அதைத்தான் முதல்ல வெக்கணும். ஸ்டிராங்கா இருக்கும், டிரஸ்ட் மீ.

— ரிஷி அண்ணே, நான் எழுதியிருக்கிறது வடிகால் பத்தி.

— அதான் சொல்றேன். பிரிக்பீல்ட்ஸ்ல ஆபீஸ் போட்டு எத்தனை பிள்ளைங்களை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கேன்! உன் பாடம் வெள்ளம். அப்பா வெள்ளத்துல போயிட்டாருன்னு ரெண்டே வரி. அழுதுகிட்டே சீட் கொடுப்பான். யாரு செக் பண்ணப் போறா?

— எங்கப்பா தோசை வாங்கப் போனாரு. கடை வாசல்லயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. அன்னிக்கு ஒரு சொட்டு மழை இல்ல.

— தோசைக்கு எவன்மா சீட் கொடுப்பான்? கோவிச்சுக்காத.

— கொடுக்க வேணாம். காய்கறி பாசார் பக்கத்து வாய்க்கால் ஏன் அடைக்குது, ஏன் எங்க வீட்டு வரிசை மட்டும் முழுகுதுன்னு அலைஞ்சு பார்த்து, படம் போட்டு எழுதியிருக்கேன். அது பத்தலைன்னா பத்தலைன்னு சொல்லட்டும். எங்கப்பாவை இன்னொரு தடவை சாகடிச்சு எனக்கு ஒரு சீட்டும் வேணாம்.

— ரோஷமெல்லாம் சரி. இன்னிக்குச் சாயங்காலம் மூடிடுவான். விட்டா அடுத்த வருசம்தான்.

— அடுத்த வருசம் இதே கட்டுரையோட வருவேன். அதுக்கு அடுத்த வருசமும் வருவேன். மௌசை இப்படித் தள்ளுங்க.

— ஏய், இரு, இரு... அனுப்பிட்டியா?

— அனுப்பிட்டேன்.

— உன்கிட்ட மனுசன் பேச முடியாதுலா. சரி, அப்ளிகேஷன் கிடைச்சுதுன்னு மெயில் வந்திருச்சு... அலாமாக்! மிஸ்டர்னு வந்திருக்கு! நீ பொண்ணுலா. எவன் இதைத் தட்டினது?

— எங்கப்பா.

— யாரு?

— தொடலைன்னாரு. விரல் பட்டுச்சாம்.

— ஆ... சரிம்மா. அழாத. சின்னத் தப்புதான். இப்பவே ஒரு மெயில் போட்டா மாத்திடுவான்.

— மிஸ்டரை நாளைக்கு மாத்திக்கலாம். இன்னிக்கு இருக்கட்டும். முதல் வரியை மட்டும் சத்தமா படிங்க அண்ணே.

— அதுல என்னா இருக்கு? ‘டியர் மிஸ்டர் தம்புசாமி.’